ஆட்டு ஈரலும் அமெரிக்க விசாவும்

ஒருத்தரிடம் உதவி வாங்கப் போகிறவன் முதலில் வாயை மூடக் கற்றுக்கொள்ள வேண்டும். இது ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். எனக்கு முப்பத்திரண்டு வயதில்தான் தெரிந்தது. அதையும் ஒரு துண்டு ஆட்டு ஈரல்தான் சொல்லிக்கொடுத்தது.

நான் கோபக்காரன். (என் அம்மா "கோபக்காரன்" என்று சொல்வதில்லை, "கூறுகெட்டவன்" என்பார். எங்கள் வீட்டில் இரண்டும் ஒன்றுதான்.) பழனிசெட்டிபட்டியில் பம்ப்செட் மோட்டாருக்குக் காயில் (உள்ளே சுற்றும் செம்புக் கம்பி) கட்டும் கடை வைத்திருந்தேன். திராட்சைத் தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சும் மோட்டார் புகைந்துபோனால் என்னிடம்தான் தூக்கி வருவார்கள். வேலை சுத்தமாக இருக்கும், வாய் சுத்தமாக இருக்காது. "தண்ணியில்லாத கெணத்துல ஓட்டுனா மோட்டாரு என்ன, மாடுகூடச் செத்துப்போகும்யா" என்று வாடிக்கையாளரையே திட்டுவேன். அவர்களும் திட்டை வாங்கிக்கொண்டு, கூலியையும் கொடுத்துவிட்டுப் போவார்கள். உலகம் முழுக்க இப்படித்தான் நடக்கும் என்று நான் நம்பிவிட்டேன். அங்கேதான் தப்பு.

என் கல்யாணத்தை முடித்துவைத்தது அக்கா விஜயா. அக்காவும் மச்சானும் இருபது வருடமாக அமெரிக்காவில் இருக்கிறார்கள். அங்கே அவர்களுக்குப் பழக்கமான போடிக்காரக் குடும்பம் ஒன்று. அந்த வீட்டுப் பெண் ரேவதி. பதிமூன்று வயதில் அப்பா அம்மாவோடு போனவள், அந்த நாட்டுக் குடியுரிமை வாங்கியவள், மருந்தாளுநர் படிப்புப் படித்துக்கொண்டிருந்தாள். "என்னைய எப்புடி ஒத்துக்கிட்ட?" என்று ஒருநாள் கேட்டேன். "வாயத் தெறந்தா உண்மைதான் வருது ஒங்களுக்கு. அது புடிச்சிருந்துச்சு" என்றாள். பாவம், அதே குணம் தன் தலையில் இடியாக விழும் என்று அவளுக்கு அப்போது தெரியாது.

தேனியில் கல்யாணம். ஒரு மாதம் கூட இருந்துவிட்டு அவள் திரும்பிப் போனாள். என்னைக் கூப்பிட்டுக்கொள்ள விண்ணப்பம் போட்டாள். அங்கே ஒரு சட்டம். கூப்பிடுகிறவருக்குப் போதுமான வருமானம் இருக்க வேண்டும். இவளோ பாதி நேரம் படிப்பு, பாதி நேரம் வேலை. மாமனார் ஓய்வு பெற்றுவிட்டார். ஆகவே அந்த நாட்டிலேயே குடியிருக்கும், நன்றாகச் சம்பாதிக்கும் இன்னொருவர் சேர்ந்து பொறுப்புக் கையெழுத்துப் போட வேண்டும். அதற்குப் பெயர் ஸ்பான்சர்.

"இதுக்கென்னடா, நான் போடுறேன்" என்றார் மச்சான்.

மச்சான் நல்ல மனுஷன். அதுதான் பிரச்சினையே. கெட்டவராக இருந்தால் திட்டிவிட்டு வேறு ஆளைப் பார்த்திருப்பேன். இவர் நல்லவர், ஆனால் தான் நல்லவர் என்பதைத் தானே ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டு திரியும் நல்லவர். ஒரு பேனாவை இரவல் கொடுத்தால்கூட, அந்தப் பேனாவால் எழுதியவன் பேரன் எடுத்துச் செத்த பிறகும் "அது எம் பேனா" என்பார்.

அந்தப் படிவத்தை ரேவதி போனில் விளக்கினாள். நான் அங்கே போய் வேலைவெட்டி இல்லாமல் அரசாங்கத்திடம் சோற்றுக்கு நின்றால், அதற்குக் கையெழுத்துப் போட்டவர்தான் பொறுப்பு. ஒரு வருடம், இரண்டு வருடம் இல்லை. நான் அந்த நாட்டுக் குடிமகன் ஆகும்வரை, இல்லையென்றால் பத்து வருடம் வேலை பார்த்து முடிக்கும்வரை, இல்லையென்றால் நாட்டைவிட்டே ஓடும்வரை, இல்லையென்றால் சாகும்வரை.

"நமக்குள்ள டிவோர்ஸ் ஆனா?" என்று கேட்டேன். (புது மாப்பிள்ளை கேட்கிற கேள்வியா இது?)

"ஆனாலும் அந்தக் கையெழுத்து அப்படியே இருக்கும்."

"அப்ப ஒன்னையவிட மச்சான்தான் எனக்கு நெரந்தரம்."

"ஆமா. பேசாம அவங்களையே கட்டியிருக்கலாம் நீங்க."

சிரித்தேன். ஆனால் உள்ளே எரிந்தது. பதினேழு வயதிலிருந்து சொந்தக் கையில் சம்பாதித்துச் சாப்பிடுகிறவன் நான். எனக்குச் சோறு போட ஒரு ஆள் எழுதிக்கொடுத்திருக்கிறார் என்பதை என் மீசை ஒப்புக்கொள்ளவில்லை. மீசைக்கு விசா தேவையில்லை, எனக்குத்தான் தேவை என்பது அப்போது உறைக்கவில்லை.

அடுத்த மே மாதம் குலசாமி கோயிலில் கிடாவெட்டு. அனுமந்தன்பட்டியைத் தாண்டித் திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவில் இருக்கிறது கோயில். அக்கா, மச்சான், ரேவதி மூன்று பேரும் வந்திருந்தார்கள். மச்சானின் கையெழுத்து அதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டது.

எங்கள் வகையறாவில் ஒரு வழக்கம். கிடா வெட்டினால் ஈரலைத் தனியாக எடுத்து மிளகு போட்டு வறுப்பார்கள். பந்தியில் அதன் முதல் துண்டு வீட்டின் மூத்த மாப்பிள்ளை இலைக்குத்தான் போக வேண்டும். வைக்க வேண்டியவன் பெண்ணோடு கூடப் பிறந்தவன். அதாவது நான். அந்த இலையில் ஈரல் விழுந்த பிறகுதான் மற்றவர்கள் சோற்றில் கை வைப்பார்கள். எத்தனை வருடப் பழக்கமோ, யார் ஆரம்பித்ததோ, தெரியாது. ஆனால் அந்தத் துண்டுக்காக எங்கள் ஆட்கள் மூன்று தலைமுறைக்குப் பகை வளர்ப்பார்கள் என்பது மட்டும் எனக்கு நன்றாகத் தெரியும்.

காலையிலிருந்தே மச்சான் ஆள் ஆளாகப் பிடித்துப் படிவத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். பூசாரிக்குச் சொன்னார். பந்தல் போட்டவருக்குச் சொன்னார். தோல் உரித்துக்கொண்டிருந்தவரிடமும் சொன்னார், அவர் ஆட்டைவிட்டு நிமிரவே இல்லை. பந்தியில் எல்லோரும் உட்கார்ந்தபோது கருப்பையாப் பெரியப்பா (அப்பாவுக்கு மூத்தவர், ஊரில் எது நடந்தாலும் கடைசித் தீர்ப்பு இவருடையது) சத்தமாகக் கேட்டார்:

"ஏலே பாண்டி! ஒன்னைய ஒங்க மச்சான் ஜாமீன்ல எடுத்திருக்காகளாமே, என்னலே கேசு?"

பந்தியே சிரித்தது. நான் கையில் ஈரல் சட்டியோடு நின்றுகொண்டிருந்தேன்.

மச்சான் அங்கேயே முடித்திருக்கலாம். முடிக்கவில்லை. "சோத்துக் கேசு மாமா! நாளைக்கு இவனுக்கு ஒண்ணுன்னா நான்தான் சோறு போடணும். அமெரிக்காக் கவர்மெண்டே எங்கிட்ட எழுதி வாங்கியிருக்கு. இந்தா பாருங்க எங்கையெழுத்து" என்று போனை எடுத்து இலைக்கு இலை காட்டச் சொல்லிக் கொடுத்துவிட்டார். போன் வரிசையாகப் போனது. படிக்கத் தெரிந்தவர்கள் படித்தார்கள், தெரியாதவர்கள் என்னைப் பார்த்தார்கள்.

என் மண்டைக்குள் காயில் ஒன்று புகைய ஆரம்பித்தது.

மச்சான் இலைக்கு முன்னால் வந்தேன். அவர் இலையைச் சற்று முன்னால் நகர்த்தி, இடக்கையால் வேட்டியை ஒதுக்கி, ஈரலை வாங்கத் தயாரானார். நான் கரண்டியை நிறைத்தேன். அவர் இலையைத் தாண்டினேன். அடுத்த இலையில் எங்கள் வேன் டிரைவர் உட்கார்ந்திருந்தார். அவருக்கு வைத்தேன்.

"ஏ அப்பா, எனக்கா?" என்று பதறினார் டிரைவர்.

"ஒங்களுக்குத்தான்ணே. சாப்பிடுங்க. ஊருக்கே சோறு போடுற மகராசனுக்கு நாம எதுக்கு ஈரல் வைக்கணும்?"

ரொம்பப் பெரிய வசனம் பேசிவிட்டதாக நினைப்பு. கைதட்டல் வரும் என்று எதிர்பார்த்தேனோ என்னவோ. மச்சான் தொடாத சோற்றுக்கு மேல் இலையை மூடிவிட்டு எழுந்தார்.

"ஐயோ, எலையில இருந்து எந்திரிச்சிட்டாக!" என்று யாரோ ஒரு அத்தை கத்தினார். எங்கள் பக்கம் மாப்பிள்ளை இலையிலிருந்து பசியோடு எழுந்தால் அது சாவுச் செய்திக்கு ஒரு படிதான் கீழே.

"விஜயா, கெளம்பு. இனி இவங்கூட எனக்குப் பேச்சுவார்த்தை கெடையாது" என்றார் மச்சான்.

வேனில் திரும்பும்போது ரேவதி கேட்டாள்: "ஒரு துண்டு ஈரல்ல என்னங்க போயிரும்?"

"மானம் போயிரும்."

"சரி. இப்ப வந்துருச்சா?"

டிரைவர் கண்ணாடியில் எங்களைப் பார்த்தார். பாவம், அந்த ஈரல் அவருக்குச் செரித்திருக்காது.

மூன்று பேரும் அமெரிக்கா திரும்பினார்கள். கையெழுத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ள மச்சானுக்கு உரிமை இருந்தது. அவர் வாங்கவில்லை. "கையெழுத்து எம் பொண்டாட்டி தம்பிக்குப் போட்டது. பேச்ச நிறுத்துனது அந்த நாயிகூட. ரெண்டும் வேற வேற" என்று அக்காவிடம் சொன்னாராம். எங்கள் ஊர்க்காரனுக்கு இது நன்றாகப் புரியும். பேசாமல் இருப்பது ஒரு கணக்கு, நல்லது கெட்டதுக்கு வந்து நிற்பது வேறு கணக்கு. பத்து வருடம் முகம் பார்க்காதவன் எழவு வீட்டில் முதல் ஆளாக வந்து பாடைக்கு மூங்கில் வெட்டுவான். வேலை முடிந்ததும் பேசாமலே போய்விடுவான்.

இது எங்களுக்குப் புரியும். அமெரிக்கத் தூதரகத்துக்குப் புரியாது.

இதற்கிடையில் ரேவதி கர்ப்பம். நேர்காணலுக்கு டிசம்பரில் மும்பைக்கு வரச் சொன்னார்கள். பிரசவத்துக்குப் பத்து வாரம் இருந்தது. விசா கையில் கிடைத்தால் பிள்ளை பிறக்கும்போது பக்கத்தில் நிற்கலாம். அவ்வளவுதான் நான் ஆசைப்பட்டது. "கேக்குறதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. உண்மையச் சொல்லுங்க. சுருக்கமாச் சொல்லுங்க" என்று ரேவதி முந்தின நாள் மூன்று தடவை பாடம் நடத்தினாள்.

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் என்னைவிட வயது குறைந்த ஒரு வெள்ளைக்கார அதிகாரி. நல்ல சிரிப்பு. பக்கத்தில் மொழிபெயர்க்க ஒரு தமிழ் அம்மா. கல்யாணத்தைப் பற்றிக் கேட்டார், போட்டோ பார்த்தார், எல்லாம் நன்றாகப் போனது. பிறகு மச்சானின் தாள்களைப் புரட்டினார்.

"இவர் உங்களுக்கு என்ன உறவு?"

"எங்கக்கா வீட்டுக்காரர்."

"கடைசியாக இவரிடம் எப்போது பேசினீர்கள்?"

நேற்று என்று சொல்லியிருக்கலாம். போன வாரம் என்றிருக்கலாம். கொஞ்சமாவது புத்தி உள்ளவன் "அடிக்கடி பேசுவோம்" என்றிருப்பான். என் காதில் "உண்மையச் சொல்லுங்க" மட்டும் ஒலித்தது.

"ஏழு மாசம் ஆச்சுங்க. எங்களுக்குள்ள பேச்சுவார்த்தை இல்ல."

அந்த அம்மா மொழிபெயர்க்காமல் என்னைப் பார்த்தார். "சார்... இப்படியே சொல்லட்டுமா?"

"உள்ளதைச் சொல்லுங்கம்மா. நமக்கென்ன பயம்?"

சொன்னார். அதிகாரியின் சிரிப்பு பாதியில் நின்றது. "ஏன் பேசுவதில்லை?"

"ஈரலால."

"என்னது?"

"ஆட்டு ஈரல்ங்க. பந்தியில அவருக்கு வைக்கல. டிரைவருக்கு வச்சுட்டேன்."

அந்த அம்மா கண்ணை மூடித் திறந்தார். பிறகு கடமை தவறாமல் முழுவதையும் ஆங்கிலத்தில் சொன்னார். அதிகாரி ஈரல் என்றதும் என் மருத்துவப் பரிசோதனைத் தாளை எடுத்துப் புரட்டினார். அதில் என் ஈரல் நன்றாகத்தான் இருந்தது. அந்த அம்மா மறுபடி விளக்கினார். அவர் தாளை மெதுவாகக் கீழே வைத்தார்.

"உங்களோடு பேசாத ஒருவர், நீங்கள் கஷ்டப்பட்டால் எப்படிக் காப்பாற்றுவார்?"

நியாயமான கேள்வி. "ஐயா, எங்க ஊர்ல பேசாதவுகதான் கெட்டதுக்கு முதல்ல வந்து நிப்பாக" என்று நான் சொல்லியிருக்க வேண்டும். அது உண்மையும்கூட. ஆனால் மீசை முந்திக்கொண்டது.

"அவரு சோறு எனக்குத் தேவையே இல்லைங்க. எனக்குக் காயில் கட்டத் தெரியும். அவரு கையெழுத்து ஒங்களுக்குத்தான் வேணும், எனக்கு வேண்டாம்."

அதிகாரி ஒரு தாளை எடுத்து டிக் போட்டு நீட்டினார். விசா இல்லை என்று சொல்லவில்லை. நிறுத்தி வைத்திருக்கிறோம், ஸ்பான்சரின் புதிய வருமான வரித் தாள்களும், உறவை விளக்கி "இப்போதும் எனக்குச் சம்மதம்" என்று அவர் எழுதிய கடிதமும் கொண்டு வா என்றார். கோபப்படவே இல்லை. அதுதான் எனக்கு இன்னும் அவமானமாக இருந்தது.

வெளியே வந்து ரேவதிக்குப் போன் போட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை.

"ஆக, ஈரல அவர்கிட்டயும் சொல்லிட்டீங்க."

"உண்மையத்தான..."

"ரொம்ப நல்லது. நீங்க ஒங்க ரோஷத்த மடியில போட்டுத் தாலாட்டுங்க. பிள்ளைய நான் பாத்துக்கிறேன்."

போனை வைத்துவிட்டாள். மும்பையிலிருந்து மதுரை வரை ரயிலில் அந்த ஒரு வாக்கியத்தோடுதான் வந்தேன். படுத்தால் அது எழுப்பியது.

வீட்டுக்கு வந்ததும் அம்மா அக்காவுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். மச்சான் அங்கே பக்கத்திலேயே இருக்கிறார். இருமல் கேட்கிறது. ஆனால் அவர் என்னோடு பேச மாட்டார், நான் அவரோடு பேச மாட்டேன்.

"அக்கா, அவுககிட்டச் சொல்லு. ஒரு லெட்டர் வேணும்."

"ஏங்க, ஒரு லெட்டர் வேணுமாம்."

"விஜயா, அவன்ட்டச் சொல்லு. எஞ்சோறு வேண்டாம்னு ஆபீசர்ட்டயே சொன்னானாம்ல. அப்புறம் லெட்டர் எதுக்கு?"

"தம்பி, அவுக என்ன சொல்றாகன்னா..."

"கேட்டுச்சுக்கா! காது இருக்கு எனக்கு!"

"ஏங்க, அவனுக்குக் காது இருக்காம்."

இப்படி அரை மணி நேரம். அக்காவுக்குத் தொண்டை கட்டிவிட்டது. கடைசியில் மச்சான் தன் நிபந்தனையைச் சொன்னார். ஈரல் எங்கே போகாமல் நின்றதோ அங்கேயே வர வேண்டும். அதே கோயில், அதே ஆட்கள், அதே பந்தி. என் கையால் அவர் இலையில் விழ வேண்டும். விழுந்த அன்றே கடிதம் கிளம்பும்.

"அவுக அங்கன இருக்காக. எலை இங்கன இருக்கு. எப்புடி விழும்? பார்சல்ல அனுப்பவா?" என்று நான் கத்தினேன்.

அம்மாதான் தீர்த்துவைத்தார். "எலைக்கு முன்னாடி போன வையிடா. வீடியோவுல மாப்பிள்ளை பாக்கட்டும். நீ எலையில வையி. கல்யாணத்தையே போன்ல பாக்குறாக, ஈரலப் பாக்கக்கூடாதா?"

மச்சான் தொண்டையைச் செருமினார். "அத்தை சொன்னா சரிதான்."

மறுபடியும் ஒரு கிடா. மறுபடியும் அதே நாற்பது பேர், அந்த வேன் டிரைவர் உட்பட. (அவர் வர மாட்டேன் என்றார். அதே ஆட்கள் வேண்டும் என்பது நிபந்தனை, கையோடு கூட்டி வந்தோம்.) மச்சானுக்கு அங்கே காலை விடிய வேண்டும் என்பதற்காகப் பந்தியைச் சாயங்காலம் ஐந்தரைக்கு வைத்தோம். நாற்பது பேரும் மதியச் சோற்றை நினைத்துக்கொண்டு என்னைத் திட்டியபடி காத்திருந்தார்கள். கறி கொதித்து, ஆறி, மறுபடி கொதித்தது.

பந்தி போட்ட பிறகுதான் தெரிந்தது, கோயிலுக்குள் சிக்னல் இல்லை. போனைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். மண்டபத்தில் இல்லை. மரத்தடியில் இல்லை. வாசலில் எல்லோரும் செருப்பைக் கழற்றிப் போட்டிருந்த இடத்தில் மூன்று கட்டம் காட்டியது. செருப்புகளை ஒதுக்கி, ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் போட்டு, அதன்மேல் தலைவாழை இலை விரித்து, சொம்பில் போனைச் சாய்த்து வைத்தேன். திரையில் மச்சான் வந்தார். வெள்ளை வேட்டி, பட்டுச் சட்டை, நெற்றியில் சந்தனம். குளித்து முழுகிவிட்டு, வெறும் மேசைக்கு முன்னால் மாப்பிள்ளைத் தோரணையில் உட்கார்ந்திருந்தார்.

"விஜயா, என்ன அது பின்னாடி? செருப்பா?"

"தம்பி, செருப்பான்னு கேக்குறாக."

"சிக்னல் அங்கனதான் இருக்குன்னு சொல்லுக்கா!"

பந்தியில் உட்கார்ந்திருந்த நாற்பது பேரும் எழுந்து வாசலுக்கு வந்துவிட்டார்கள். கருப்பையாப் பெரியப்பா இடுப்பில் கைவைத்து முன்வரிசையில் நின்றார். நாற்பது ஜோடிச் செருப்புக்கு நடுவில் நான் குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன். சட்டியைத் திறந்து, கரண்டியை நிறைத்து, ஒரு போனுக்கு முன்னால் குனிந்து, இலையில் ஈரலை வைத்தேன். தேனி மாவட்டத்தில் எத்தனையோ பேர் எத்தனையோ பேரிடம் மன்னிப்புக் கேட்டிருப்பார்கள். கைப்பேசிக்குக் கறி பரிமாறியவன் நான் ஒருத்தன்தான்.

நிமிர்ந்து கூட்டத்தைப் பார்த்தேன். எல்லோர் கையிலும் போன், எல்லாம் என்னைப் படம் எடுத்துக்கொண்டிருந்தன. அந்த நேரத்தில் சொம்புப் பக்கமிருந்து பெரிய சத்தம்.

"நாயி! ஏலே, நாயி!"

ஏழு மாதத்துக்குப் பிறகு மச்சான் என்னிடம் நேரடியாகப் பேசிய முதல் வார்த்தை அது. இவ்வளவு செய்தும் இந்தப் பேச்சா என்று எனக்குத் தலைக்கேறிவிட்டது.

"யாரப் பாத்து நாயிங்கிறீக? செருப்புக்குள்ள உக்காந்து ஈரல் வச்சுருக்கேன், இன்னும் என்ன வேணும் ஒங்களுக்கு?"

"அட மடப்பயலே! எலையப் பாருடா! நாயிடா!"

பார்த்தேன். கோயில் நாய் ஒன்று ஸ்டூலில் முன்னங்காலை வைத்து, மூத்த மாப்பிள்ளையின் ஈரலை நிதானமாகத் தின்றுகொண்டிருந்தது. திரையில் மச்சான் மேசையைத் தட்டித் தட்டி "ச்சூ, ச்சூ" என்று விரட்டினார். நாய் ஒருதரம் திரையை நக்கிப் பார்த்துவிட்டு இலைக்குத் திரும்பியது.

உடனே வழக்கு எழுந்தது. ஈரல் வைத்தாயிற்றா, இல்லையா? மறுபடி வைக்க வேண்டுமா? சட்டியில் மிச்சம் இருக்கிறதா? மிச்சம் இருந்தாலும் அது முதல் துண்டாகுமா? பசியில் வெந்துகொண்டிருந்த நாற்பது பேரும் நாற்பது சட்டம் பேசினார்கள். பெரியப்பா கையைத் தூக்கினார்.

"எலையில விழுந்துச்சா? விழுந்துச்சு. வச்சது மச்சினனா? மச்சினன்தான். தின்னது யாருன்னு வழக்கத்துல கெடையாது. சோத்தப் போடுங்கப்பா!"

போனுக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. மச்சான் சிரிக்கிறார். கண்ணில் தண்ணீர் வர, சந்தனம் மூக்கில் வழிய, மேசையில் தலையை வைத்துச் சிரிக்கிறார்.

"பாண்டி," என்றார், நேராக என்னைப் பார்த்து. "லெட்டரு இன்னைக்கே வரும் போடா."

வந்தது. ரேவதி அதைத் தமிழில் படித்துக் காட்டினாள். எனக்கு இன்றும் மனப்பாடம்: "இவன் என் மனைவியின் தம்பி. முன்கோபி. தொழிலில் கெட்டிக்காரன். நாங்கள் ஏழு மாதம் பேசவில்லை, இனியும் பேசாமல் போக வாய்ப்பு உண்டு. அதற்கும் இவன் சாப்பாட்டுக்கும் சம்பந்தம் இல்லை. இவன் பசித்தால் நான் பொறுப்பு." இப்படிப்பட்ட ஒரு கடிதத்தை அந்தத் தூதரகம் அதற்கு முன் பார்த்திருக்காது. விசா கிடைத்தது.

ஆனால் தாள் போய்ச் சேர்ந்து, அவர்கள் பார்த்து, முத்திரை விழுந்து நான் விமானம் ஏறியபோது என் மகளுக்கு நாற்பது நாள். பிரசவத்தன்று பனியில் ஆறு மணி நேரம் கார் ஓட்டிக்கொண்டு போய் ஆஸ்பத்திரி வாசலில் நின்றது மச்சான். என் மகளின் முதல் படத்தில் அவளைக் கையில் ஏந்தியிருப்பவரும் அவர்தான். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அதைப் போட்டு, கீழே எழுதினார்: "இவளுக்கும் நானே கேரண்டி." திட்ட வேண்டும் என்று வாயெடுத்தேன். பழனிசெட்டிபட்டியில் கடைக்குள் உட்கார்ந்துகொண்டு, ஒரு மோட்டாரின் காயிலை அவிழ்த்தபடி, அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். நான் நிற்க வேண்டிய இடத்தில் அவர் நிற்கிறார். அந்த இடத்தை அவர் பிடுங்கவில்லை, நானேதான் டிரைவர் இலையில் வைத்தேன்.

இப்போது என் மகளுக்கு ஐந்து வயது. மச்சானும் நானும் பேசுகிறோம், சண்டையும் போடுகிறோம். அவர் கையெழுத்து இன்னும் உயிரோடு இருக்கிறது. நான் தும்மினால், "ஒடம்பப் பாத்துக்கடா, நான்ல பதில் சொல்லணும்" என்கிறார்.

என் கோபத்தால் எங்கள் வகையறாவுக்கு ஒரு புது வழக்கமும் கிடைத்தது. அந்த வீடியோ போகாத ஊர் இல்லை. அதைப் பார்த்த வெளிநாட்டு மாப்பிள்ளைகள் எல்லாம், "மூத்தவருக்கு வச்சீக, எங்களுக்குக் கெடையாதா?" என்று கொடி பிடித்தார்கள். இப்போது கிடாவெட்டில் செருப்புப் போடும் இடத்தில் தனிப்பந்தி. துபாய், சிங்கப்பூர், குவைத் என்று வரிசையாக இலை, இலைக்கொரு சொம்பு, சொம்புக்கொரு போன். அமெரிக்காவிலிருந்து நான் வந்திருந்தால் பரிமாறுவது நான்தான். வேறு யார் போனாலும், "அனுபவஸ்தன் இருக்கான்ல, அவன் வைக்கட்டும்" என்று பெரியப்பா திருப்பி அனுப்பிவிடுகிறார்.

போன மே மாதம் குடும்பத்தோடு வந்திருந்தோம். மச்சான் நேரில் வந்து மண்டபத்தில் முதல் இலையில் உட்கார்ந்தார். நான் கரண்டியை நிறைத்துக்கொண்டு போனேன். என் மகள் குறுக்கே வந்து கையை நீட்டித் தடுத்தாள்.

"அப்பா, வைக்காதீங்க. மாமாவோட போன் எங்க?"

போனுக்கு வைப்பதுதான் முறை என்று நினைத்திருக்கிறாள் பிள்ளை. எவ்வளவு சொல்லியும் விடவில்லை. கடைசியில் மச்சான் தன் போனை எடுத்துச் சொம்பில் சாய்த்து, அதற்குப் பின்னால் முகத்தை ஒளித்துக்கொண்டார். அப்புறம்தான் அவள் வழிவிட்டாள். ஈரலை வைத்துவிட்டு வாசல் பந்திக்குப் போனேன். வெளிநாட்டு மாப்பிள்ளைகள் பத்துப் பேரும் திரையில் காத்திருந்தார்கள். நாய் மட்டும் வழக்கம்போல நேரில் வந்திருந்தது.